குலுக்கினா நீலம் திரும்பி வருது. இதைச் சிதைவுன்னு எழுதலாமா?

கொய்யாத்தோப்பு:

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம், ஊர் பல்லடம் பக்கம். வைவாவுக்கு மூணு வாரம்தான் இருக்கு. ராத்திரி தூக்கம் வரலை, அதான் இங்க வந்தேன்.

புராஜெக்ட், கொய்யா இலைச் சாற்றுல வெள்ளி நானோ துகள் செஞ்சு சாயக் கழிவுநீரைச் சுத்தம் பண்றது. இலை எங்க அம்மாயி வீட்டுக் கொல்லையில பறிச்சது. 10 கிராம் இலையைக் கழுவி நறுக்கி, 100 மில்லி தண்ணியில 80 டிகிரியில 20 நிமிஷம் வெச்சு, வாட்மேன் 1 தாள்ல வடிகட்டினேன். அதுல 10 மில்லி எடுத்து, 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 90 மில்லியில ஊத்தி வெயில்ல வெச்சா, கால் மணி நேரத்துல டிக்காஷன் மாதிரி ஆயிடும். முதல் தடவை அதைப் பார்த்தப்ப நிஜமாவே கையைத் தட்டினேன். யூவி-விசிபிள்ல (எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுதுன்னு காட்டற கருவி) 434 நானோமீட்டர்ல பீக். எக்ஸ்ஆர்டியில (எக்ஸ்ரே விட்டு என்ன படிகம்னு பார்க்கிறது) வெள்ளிக்கு வர வேண்டிய 38.1, 44.3, 64.4, 77.4 நாலும் வந்துது. கூடவே 27.8, 32.2, 46.2னு மூணு. அதை "இலையில் உள்ள கரிமப் பொருள்களால்"னு எழுதி வெச்சுட்டேன். எல்லா பேப்பர்லயும் அப்படித்தான் இருக்கு.

அப்புறம் மெத்திலின் ப்ளூங்கற நீலச் சாயம், 5 பிபிஎம் (லிட்டருக்கு 5 மில்லிகிராம்). அன்னன்னிக்குக் கரைச்ச சோடியம் போரோஹைட்ரைடு கொஞ்சம், துகள் கொஞ்சம். 664 நானோமீட்டர்ல உறிஞ்சல் 1.08 இருந்தது 12 நிமிஷத்துல 0.04க்கு இறங்கிடுச்சு. 96 சதவீதம்! கைடு சாரும் சந்தோஷமாயிட்டார்.

அன்னிக்குச் சாயங்காலம் அம்மாயிகிட்ட காட்டலாம்னு, போடறதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு குப்பியைப் பையில போட்டுட்டு பஸ் ஏறினேன். உட்கார இடமில்ல, முக்கால் மணி நேரம் நின்னுட்டே வந்தேன். வீட்டுக்கு வந்து எடுத்து வெச்சா அம்மாயி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தான கண்ணு இருக்குது?"ன்னு கேட்டாங்க.

ரெண்டுமே நீலம்.

மறுநாள் லேப்ல திரும்பச் செஞ்சேன். நிறம் போனதும் மூடியைப் போட்டுக் குலுக்கினா, மேல காத்து இருக்கிற பக்கம் முதல்ல நீலமாகுது, அப்புறம் முழுசும். வெச்சுட்டா கொஞ்ச நேரத்துல வெளுக்குது. மறுபடி குலுக்கினா மறுபடி நீலம். ரெண்டு மூணு மணி நேரம் போனா நீலமாவே நின்னுடுது.

கைடு சார், "பீக் போச்சுல்ல? எழுதிட்டுப் போம்மா"ங்கறார். ரூம்மேட் "வைவா அன்னிக்குக் குலுக்காம காட்டுடி"ங்கறா. என்ன பண்றது?

வைவா_முடிச்சவன்:

ரூம்மேட் சொல்றதுதான் சரி. வந்த பேப்பர்ல பாதி இப்படித்தான். யாரும் குப்பியைக் கையில எடுத்துக் குலுக்கிப் பார்க்க மாட்டாங்க. 96னு எழுதுங்க, டிகிரி வாங்குங்க, கிளம்புங்க.

மூணாவது_மாடி_லேப்:

மேல சொன்னவர் பேச்சைக் கேட்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணுக்கு வைவாவுல வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "குலுக்கிப் பார்த்தீங்களா?"

நீங்க பார்த்தது ஒண்ணும் மர்மம் இல்லை. மெத்திலின் ப்ளூ எலக்ட்ரானை வாங்கிக்கிட்டா நிறமில்லாத லியூகோ வடிவத்துக்குப் போயிடும். மூலக்கூறு உடையலை, முழுசா அப்படியே இருக்கு, கண்ணுக்குத் தெரியாம. அதோட பீக் 256 பக்கத்துல இருக்கும். நீங்க 400ல இருந்து 800 வரைக்கும்தான் ஸ்கேன் போட்டிருப்பீங்க, சரியா? காத்துல இருக்கிற ஆக்சிஜன் பட்டதும் பழையபடி நீலம். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில குளுக்கோஸ், காஸ்டிக் சோடா, மெத்திலின் ப்ளூ போட்டு ஒரு பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கிக் காட்டுவாங்களே, அதேதான். உங்ககிட்ட குளுக்கோஸுக்குப் பதில் போரோஹைட்ரைடு. வெள்ளித் துகள் என்ன பண்ணுதுன்னா போரோஹைட்ரைடுகிட்ட எலக்ட்ரானை வாங்கி சாயத்துக்குக் கை மாத்தி விடுது. அது நிஜமான வினையூக்கிதான், அதுல சந்தேகமில்லை. ஆனா அதுக்குப் பேர் ஒடுக்கம். சிதைவுங்கற வார்த்தையை மட்டும் வெட்டிடுங்க.

செய்ய வேண்டியது: வெளுத்த கரைசல்ல மீன் தொட்டிப் பம்பை விட்டுக் கால் மணி நேரம் காத்தடிங்க. 200ல இருந்து ஸ்கேன் எடுங்க. 664ல எவ்வளவு திரும்புதுன்னு பாருங்க. பீக் 650 பக்கம் நகர்ந்து வந்திருந்தா மெத்தில் தொகுதி கொஞ்சம் கழண்டு அசூர்ங்கற வேற சாயம் ஆகியிருக்குன்னு அர்த்தம், அது வேற கதை. துகள் இல்லாம போரோஹைட்ரைடு மட்டும் போட்டு ஒண்ணு பண்ணுங்க. போரோஹைட்ரைடு இல்லாம வெயில்ல ஒண்ணு, அதே நேரம் இருட்டுல ஒண்ணு, வெயில்ல வெறும் சாயம் ஒண்ணு. கடைசியா சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி அடியில படிஞ்ச துகள் என்ன நிறம்னு பாருங்க. மெத்திலின் ப்ளூ நேர்மின் சாயம். இலைச் சாறு மேல படிஞ்ச துகள் பெரும்பாலும் எதிர்மின். ரெண்டும் ஒட்டிக்கும். ஒட்டினதையும் "சிதைஞ்சது"ன்னு கணக்குல சேர்த்த பேப்பர் நிறைய இருக்கு.

இன்னொண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. 27.8, 32.2, 46.2 மூணும் இலைக் கரிமம் இல்லை, சில்வர் குளோரைடு. கரிமச் சாறு அவ்வளவு கூர்மையா பீக் தராது. இலையிலயும் குளோரைடு உண்டு, தண்ணியிலயும் உண்டு. எந்தத் தண்ணி யூஸ் பண்ணீங்க?

வேப்பிலைக் கஷாயத்துல வெள்ளியும் தங்கமும் செஞ்சு புணே தேசிய வேதியியல் ஆய்வகத்துக்காரங்க 2004லயே எழுதிட்டாங்க. அப்ப அது புதுசு. அதுக்கப்புறம் நாம இலையை மட்டும் மாத்திக்கிட்டே இருக்கோம். கொய்யா, நொச்சி, துளசி, ஊமத்தை... கொல்லையில இருக்கிற இலை தீர்ற வரைக்கும் எம்.எஸ்சி. புராஜெக்ட் ஓடும் போல.

கொய்யாத்தோப்பு:

அக்கா, நன்றி. தண்ணி விஷயம்... எங்க லேப்ல டிஸ்டிலேஷன் செட் ரிப்பேராகி ஆறு மாசமாச்சு. குடிக்கிற கேன் தண்ணியிலதான் எல்லாமே பண்ணினேன்.

ஹைட்ரோஸ்_மாஸ்டர்:

அம்மிணி, நான் கெமிஸ்ட்ரி படிச்சவன் இல்லீங்க. 26 வருஷம் சாயப்பட்டறை, இப்ப பேரனை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போய் வர்ற உத்தியோகம். உங்க பஸ் கதையைப் படிச்சுட்டு சிரிச்சுட்டேன். ஏன்னா அதுதான் எங்க பொழப்பே.

நான் முதல்ல வேலைக்குப் போனது ஈரோட்டுல ஒரு நூல் சாயப்பட்டறை. கைலிக்கும் துண்டுக்கும் வேட் சாயம். வேட் சாயம் தண்ணியில கரையாது. காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் (சாயத்தை ஒடுக்கற மருந்து) போட்டுச் சூடு பண்ணினாத்தான் கரையும். இண்டிகோன்னா தொட்டி நீலமா இருக்காது, மஞ்சப்பச்சையா, ஒரு மாதிரி எண்ணெய் பளபளப்போட இருக்கும். நூல் கட்டை முக்கி எடுத்தா அதுவும் மஞ்சள்தான். முதல் நாள் நான் பயந்துட்டு, "சாயம் ஏறவே இல்லீங்க"ன்னு கத்தினேன். மேஸ்திரி மண்டையில ஒண்ணு போட்டு, "காத்துல விரிடா"ன்னார். கம்பியில விரிச்சேன். கண்ணு முன்னாடி மஞ்சள் பச்சையாச்சு, பச்சை நீலமாச்சு. உங்க அக்கா சொன்ன லியூகோங்கற வார்த்தையை நாங்களும் சொல்வோம். நிறம் போனதால சாயம் போயிடுச்சுன்னு எந்தச் சாயக்காரனும் நம்ப மாட்டான்.

இப்ப உங்க தலைப்புக்கு வர்றேன். "சாயக் கழிவுநீர்"னு போட்டிருக்கீங்க. நான் இருந்த எந்தப் பட்டறையிலயும் மெத்திலின் ப்ளூவைப் பார்த்ததே இல்லை. திருப்பூர் பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம். அது துணியில ஒட்டறதுக்கு உப்பு வேணும், சோடா ஆஷ் வேணும். கருப்பு, நேவின்னா லிட்டருக்கு 60, 80 கிராம் உப்பு போடுவோம். கடல் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம்தான், பார்த்துக்குங்க. ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணின்னு வெச்சா அரைக் கிலோ பக்கமோ அதுக்கு மேலயோ உப்பு. துணி சாயத்தைத்தான் குடிக்கும், உப்பைக் குடிக்காது. போட்டது மொத்தமும் தண்ணியில வெளிய வரும். அதோட ஒட்டாம நின்ன சாயம். காரம், பிஎச் 10, 11.

அதுல உங்க வெள்ளியைப் போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. ஆனா உப்புத் தண்ணியில சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டா தயிர் மாதிரி திரியும். எங்க லேப்லயும் அப்படித்தான் உப்பு டெஸ்ட் பண்ணுவாங்க. நீங்க உப்புக் கரைசல்ல உங்க டிக்காஷனைக் கொஞ்சம் விட்டு ராத்திரி வெச்சுப் பாருங்க.

நிறத்தை எடுக்கிறதுக்கு அந்தக் காலத்துலயே பெரஸ் சல்பேட்டும் சுண்ணாம்பும் இருந்துச்சு. கொட்டிக் கலக்கினா நிறம் அடியில இறங்கிடும், மேல தண்ணி தெளிவா நிக்கும். ஆபீசர் வந்தா டம்ளர்ல பிடிச்சுக் காட்டுவாங்க. தெளிவா இருக்கும். வாயில வெச்சா கரிக்கும். அந்தத் தெளிவான தண்ணிதான் நொய்யல் ஆத்துல போச்சு. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ தென்னை பட்டுப் போனது நிறத்தால இல்லைம்மா, உப்பால. அடியில இறங்கின சகதி மூட்டை மூட்டையா ஷெட்டுல கிடந்துச்சு, அது தனிக் கதை. 2011 ஜனவரியில ஐகோர்ட் உத்தரவு வந்து எழுநூறுக்கு மேல பட்டறையை மூடினாங்க. நான் வேலை பார்த்ததும் அதுல ஒண்ணு. நாலு மாசம் வீட்டுல உட்கார்ந்திருந்தேன். கோபம் இருந்துச்சு. ஆனா எங்க மாமனாருக்குக் காங்கயம் பக்கம் ரெண்டு ஏக்கர், அவர் கிணத்துத் தண்ணியை ஒரு வாய் குடிச்சுப் பார்த்தவன் நான், அதனால ரொம்பக் கத்த முடியலை.

இப்ப ஆர்.ஓ., அதுல மிஞ்சற உப்புத்தண்ணியை, ரிஜெக்ட்டை, காய்ச்சி உப்பைத் திரும்ப எடுக்கறாங்க, ஒரு சொட்டு வெளிய விடக் கூடாது. காசு போற இடம் அந்தக் காய்ச்சற மிஷின்தான். நானோ துகள் உப்பைத் தொடுமா? தொடும்னா சொல்லுங்க, நானே நாலு ஓனர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.

மூணாவது_மாடி_லேப்:

தொடாதுங்க ஐயா. சோடியம் அயனியை எந்த வினையூக்கியாலயும் உடைக்க முடியாது.

நீங்க சொன்ன தயிர் விஷயமும் சரிதான், அந்தத் தயிர்தான் சில்வர் குளோரைடு. துகளும் உப்புல நிக்காது. துகள் ஒண்ணை ஒண்ணு அண்டாம நிக்கிறது மேல இருக்கிற மின்னேற்றத்தால. அவ்வளவு உப்புல அந்த விலகல் எடுபடாது, கட்டி கட்டியா சேர்ந்து அடியில இறங்கிடும்.

கடுக்காய்மை:

ஒரு தகவல் மட்டும். வெள்ளிக்குப் பதில் இரும்பு பண்றவங்களும் இருக்காங்க. டீத்தூள் கஷாயத்துல இரும்பு உப்பை ஊத்தினா நிமிஷத்துல கருப்பாகும், "இரும்பு நானோ துகள்"னு பேர் வைப்பாங்க. பலது துகளே இல்லை, இரும்பும் பாலிஃபீனாலும் சேர்ந்த மைதான். எங்க வீட்டுல கலம்காரி வேலை. கடுக்காய் ஏத்தின துணியில, பழைய இரும்பும் வெல்லமும் ஊறவெச்ச தண்ணியால கோடு போட்டா கறுப்பு. டீயில நடக்கிறதும் அதேதான்.

இருந்தாலும் அதுல ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தா நிஜமாவே சாயத்தை உடைக்கும். ஃபென்டன்னு ஒருத்தர் 1894ல எழுதின வினை. குலுக்கினாலும் திரும்பாது. ஆனா நல்லா வேலை செய்யறது பிஎச் 3 பக்கத்துல. மாஸ்டர் சொன்ன 11ஐ மூணுக்கு இறக்க அமிலம், திரும்ப ஏத்த காரம். ரெண்டும் சேர்ந்து இன்னும் உப்பு. சிரிப்புதான் வருது.

சிஓடி (தண்ணியில இருக்கிற கரிம அசுத்தத்தை டைகுரோமேட் வெச்சு அளக்கிறது) பார்க்கிறதா இருந்தா ரெண்டு எச்சரிக்கை. மிச்சம் நிக்கிற பெராக்சைடு டைகுரோமேட்டைத் தின்னும், போரோஹைட்ரைடும் தின்னும், கணக்கு தப்பா வரும். ரெண்டாவது, உங்க இலைச் சாறு. 5 பிபிஎம் மெத்திலின் ப்ளூவுல இருக்கிற கார்பன் லிட்டருக்கு 3 மில்லிகிராம்தான். கழுவாத துகளோட நீங்க ஊத்தற சாறுல அதைவிட அதிகமா கார்பன் இருந்தா, நீங்க அசுத்தத்தைக் குறைக்கலை, கூட்டியிருக்கீங்க. மூணு தடவையாவது சென்ட்ரிஃப்யூஜ்ல கழுவிட்டுப் போடுங்க.

கொய்யாத்தோப்பு:

ஒன்பது நாள் கழிச்சு வர்றேன். யாரும் இன்னும் இந்த இழையைப் பார்க்கறீங்களான்னு தெரியலை.

பேட்டரிக் கடையில டிஸ்டில்டு வாட்டர் அஞ்சு லிட்டர் வாங்கினேன். முதல் வேலையா ரெண்டு டெஸ்ட் டியூப்ல, ஒண்ணுல கேன் தண்ணி, ஒண்ணுல கடைத் தண்ணி, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு. கேன் தண்ணி பால் சிந்தின மாதிரி ஆச்சு. மற்றது அப்படியே இருந்துச்சு. எக்ஸ்ஆர்டி திரும்ப எடுக்க இப்ப ஸ்லாட் கிடைக்காது. பழைய படத்துலயே அந்த மூணு பீக்குக்கும் நேரா சில்வர் குளோரைடுன்னு எழுதிட்டேன்.

துகளைப் புதுசா செஞ்சு மூணு தடவை கழுவினேன். நிறம் போறது முன்ன மாதிரியேதான், 12 நிமிஷத்துல 0.04. துகள் இல்லாம போரோஹைட்ரைடு மட்டும்னா அதே நேரத்துல 0.71தான். ஆக, வினையூக்கிங்கறது உண்மை. அப்புறம் தம்பியோட மீன் தொட்டிப் பம்பை எடுத்துட்டுப் போனேன். (ரெண்டு கப்பி மீன் கால் நாள் மூச்சு முட்டிக்கிட்டு இருந்துச்சாம், வீட்டுல திட்டு.) கால் மணி நேரம் காத்தடிச்சதும் 664ல 0.89. பீக் நகரவே இல்லை. என் 96ல முக்காலே வீசம் (அஞ்சுல நாலு பங்குக்குக் கொஞ்சம் மேல) காத்துல திரும்பி வந்துடுச்சு.

மிச்சம் எங்க போச்சுன்னு சென்ட்ரிஃப்யூஜ் போட்டேன். அடியில பழுப்பா இருக்க வேண்டியது கருநீலமா இருந்துச்சு. எத்தனால் ஊத்திக் கலக்கினதும் எத்தனால் நீலமாச்சு. ஒட்டிக்கிட்டுதான் இருந்திருக்கு.

போரோஹைட்ரைடு இல்லாம ரெண்டு மணி நேரம்: துகளோட வெயில்ல 15 சதவீதம் குறைஞ்சுது. துகளோட இருட்டுல 10. வெயில்ல வெறும் சாயம் 4. பத்தும் நாலும் கழிச்சா என் கொய்யா இலைத் துகள் சூரிய ஒளியில சிதைச்சது ஒரு சதவீதம். அதுவும் கருவியோட பிழைக்குள்ள அடங்கிடும்.

மாஸ்டர் ஐயா சொன்ன உப்புச் சோதனையும் செஞ்சேன். லிட்டருக்கு 60 கிராம் கரைசல். ராத்திரி வரைக்கும் வைக்க வேண்டியதே இல்லை. ஊத்தினதும் டிக்காஷன் சாம்பல் நிறமாச்சு, டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா அடியில வண்டல், மேல பச்சைத் தண்ணி. பச்சைன்னா நிறம் இல்லை, வெறும் தண்ணி. (எங்க ஊர்ல அப்படித்தான் சொல்வோம்.)

எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் கைடு சார்கிட்ட கொடுத்தேன். ரொம்ப நேரம் பேசலை. ரெண்டு தடவை 0.89ங்கற இடத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் குப்பியைக் கொண்டுவரச் சொல்லி அவரே குலுக்கினார். "இதையும் ஒரு அத்தியாயமா வெச்சுடு. தலைப்புல கழிவுநீரை எடுத்துடு"ன்னார். இப்ப தலைப்பு "கொய்யா இலைச் சாறு வழி வெள்ளித் துகள்கள்: மெத்திலின் ப்ளூவின் வினையூக்க ஒடுக்கமும் மீள் ஆக்சிஜனேற்றமும்". தலைப்பு நீண்டுடுச்சு, ஆனா பொய் இல்லை.

ஐயா, ஒரு உதவி. வைவாவுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. நிஜக் கழிவுநீர் ஒரு லிட்டர் கிடைக்குமா? துகள் அதுல வேலை செய்யாதுன்னு தெரியும். செய்யலைங்கறதை நானே ஒரு தடவை பார்த்து எழுதணும்.

வைவா_முடிச்சவன்:

சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். என் குப்பியைத் தேடிக்கிட்டு இருக்கேன். மூணு வருஷம் ஆச்சு, என்ன நிறத்துல இருக்கோ.

ஹைட்ரோஸ்_மாஸ்டர்:

பார்த்துட்டுத்தான் இருக்கேன் அம்மிணி. பட்டறைத் தண்ணியை வெளிய கொடுக்க மாட்டாங்க, கேட்கவும் கூடாது. நம்ம பையன் ஒருத்தன் லேப்-டிப் (சின்னத் துணியில சாயம் போட்டு நிறம் பார்க்கிற வேலை) பார்க்கிறான், அவன் பீக்கர்ல மிஞ்சற சாயத்தண்ணி ஒரு லிட்டர் எடுத்து வெக்கச் சொல்றேன். உப்பு, சோடா ஆஷ் எல்லாம் அளவோட போட்டதுதான், ஃபார்முலாவும் எழுதித் தருவான், உங்க ரெக்கார்டுக்கு ஆகும். ஞாயித்துக்கிழமை காலையில அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. இறுக்க மூடற கேன் கொண்டாங்க, போன தடவை மாதிரி பஸ்ல கையில தூக்கிட்டுப் போகாதீங்க, பக்கத்துல நிக்கறவங்க வேட்டி பாழாயிடும். கருப்பு வேணுமா சிவப்பு வேணுமான்னு மட்டும் சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க.